அப்பா அனுப்பிய லிங்க்

செய்யாறு தொழிற்பேட்டையில், காலணி தைக்கும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. உள்ளே போன் எடுத்துப்போக விடமாட்டார்கள். லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அன்று டீ நேரத்தில் லாக்கரைத் திறந்தேன். எடுக்காத அழைப்புகள் திரை முழுக்க நின்றன. பாதிக்கு மேல் தெரியாத எண்கள்.

ஆரணியில் எங்களுக்குப் பட்டுச் சேலைக் கடை. கடையின் இணையதளத்தில் அப்பாவின் எண்ணுக்குக் கீழே என் எண்ணும் இருக்கும். அதனால் தெரியாதவர்கள் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் ஆடி மாதத்தில், ஒரே காலையில் இத்தனை பேர் சேலை கேட்கமாட்டார்கள்.

மேலே இருந்த எண்ணைத் திரும்ப அழைத்தேன். எடுத்தவர் வேலூர்க்காரம்மா. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தச் சேலைக்கு எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

"பாப்பா, எப்பிடிம்மா ஆச்சு? முந்தாநாள்கூட நல்லா பேசிகினு இருந்தாரே!"

"யாருங்க?"

"உங்கப்பாதாம்மா. அவரு நம்பர்லேர்ந்துதான் வந்துது. மாலை போட்ட போட்டோ. பக்கத்துல கண்ணீர் அஞ்சலின்னு இருக்குது. வீட்ல இருக்கறவங்க அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். எப்ப எடுக்கறாங்கன்னு கேக்கத்தான் கூப்ட்டேன்."

அப்பாவும் அம்மாவும் அன்று விடிந்ததும் ஸ்கூட்டரில் படவேட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். ஆடி வெள்ளி. கூட்டத்துக்கு முன்னால் அம்மனைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அம்மாதான் அவசரப்படுத்தினாள்.

அப்பாவைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அம்மாவுக்கும் அதே பதில். விபத்து நடந்திருந்தால் அதற்குள் மாலை போட்ட படம் எங்கிருந்து வரும் என்று மூளை கேட்டது. பயம் அதையெல்லாம் கேட்கும் நிலையில் இல்லை. வளைவில் வந்த மணல் லாரி, ரோட்டில் கிடக்கும் ஸ்கூட்டர், அப்பாவின் போனை எடுத்துப் பார்க்கும் யாரோ ஒருவர் என்று கண்முன் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

வேலூர்க்காரம்மாவிடமே அந்தச் செய்தியை எனக்கு அனுப்பச் சொன்னேன். வந்தது. எங்கள் கடையின் லிங்க். அதற்கு மேல் பெட்டி போல் ஒரு படம். படத்தில் இருந்தது அப்பா இல்லை, பெரியப்பா.

கடையைத் தொடங்கியவர் பெரியப்பா. போன வருஷம் காலமானார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மீசை. போனில் மட்டும் பழகியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. முதல் வருஷத் திதிக்காக அவர் படத்தை இணையதளத்தில் போடச் சொல்லியிருந்தார் அப்பா. தளத்தைச் செய்துகொடுத்த சென்னைக்காரர் பக்கத்தின் அடியில் சின்னதாகப் போட்டார். தளத்துக்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மேலே சேலைகள், அடியில் பெரியப்பா. ஆனால் லிங்க்கை யாருக்காவது அனுப்பினால், கடைசியாக ஏற்றிய படமே கூட வரும் பெட்டியில் போய் நின்றுவிடும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆவணிக்குப் புதுச் சேலை வந்திருப்பதைச் சொல்ல, புறப்படும் முன் அப்பா அந்த லிங்க்கைத் தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. வெறும் லிங்க். அம்மாவின் அவசரத்தில், அது எப்படிப் போனது என்றும் பார்த்திருக்கமாட்டார்.

விஷயம் புரிந்தது. பயம் மட்டும் போகவில்லை. இரண்டு பேரும் ஏன் இன்னும் போனை எடுக்கவில்லை? அமங்கலமாக ஒன்று வந்த நாளிலேயே நிஜமாகவும் ஏதாவது நடந்துவிட்டால்? சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஆரணி பஸ் ஏறினேன். கம்பெனி பஸ்ஸுக்கு ஷிப்ட் முடியும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. வழியெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "அப்பா நல்லா இருக்காருங்க, அது எங்க பெரியப்பாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்கிறோமே என்று இருந்தது.

வீடு பூட்டியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தேன். தெருமுனையில் கேட்ட ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்தேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகு எங்கள் ஸ்கூட்டர் வந்தது. அம்மா மடியில் பிரசாதப் பை.

"இன்னா பாப்பா, வேலைக்குப் போகலியா?" என்றார் அப்பா.

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்க டவரே இல்லம்மா. அப்புறம் வண்டில வந்துகினு இருந்தோம், போன் பைக்குள்ள கெடந்துது" என்றவர், போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் போட்டோவ ஜல்தியா எடுத்துடச் சொல்லு. நல்ல காரியத்துக்குச் சேலை எடுக்கறவங்க கண்ணுல மொதல்ல இதுவா படணும்?"

"அண்ணன் படம் இருக்கட்டும். அது வர வேண்டிய எடத்துல வரணும், அவ்ளோதான்" என்றார் அப்பா.

சென்னைக்காரர் போனை எடுக்கவில்லை. தளத்தின் கடவுச்சொல் எங்களிடம் இருந்தது. அன்று மத்தியானம் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதி ஒன்று ஒவ்வொரு பக்கத்துக்கும் உண்டு. லிங்க்கைப் பகிர்ந்தால் எந்தப் படம், எந்தத் தலைப்பு, எந்த விளக்கம் வரவேண்டும் என்று அங்கே எழுதிவைக்கலாம். எழுதாவிட்டால் கிடைத்ததை எடுத்துப் போட்டுவிடும். அரக்கில் பச்சை பார்டர் போட்ட சேலைப் படம் ஒன்றை அகலவாக்கில் வெட்டி வைத்தேன். கடையின் பெயர், ஊர், "ஆவணி முகூர்த்தப் பட்டுகள்" என்று எழுதினேன். எனக்கே அனுப்பிப் பார்த்தேன்.

மறுபடியும் பெரியப்பாதான் வந்தார்.

எழுதியது தப்பா, படம் பெரிதா, ஒன்றும் புரியவில்லை. ஒரு முறை எடுத்த படத்தைப் போன் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. லிங்க்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஓர் எழுத்தும் சேர்த்தால், புது முகவரி என்று எண்ணி மறுபடி படித்துக்கொள்ளும் என்று ஒருவர் வீடியோவில் சொன்னார். சேர்த்தேன். சேலை வந்தது.

ஆனால் அப்பா காலையில் அனுப்பியவை அப்படியேதான் இருந்தன. போனவற்றை மாற்ற வழியில்லை. அழிக்கத்தான் முடியும்.

"அழிச்சா இன்னும் பேஜாரு. இன்னாத்தையோ மறைக்கறாங்கன்னு நெனப்பாங்க" என்றார் அப்பா. ஒவ்வொருவரையும் தானே கூப்பிட ஆரம்பித்தார். "நான்தாங்க பேசறேன். ஆமாங்க, நானேதான்." சிலர் சிரித்தார்கள். வந்தவாசியில் ஒருவர் அழுதேவிட்டார். அப்பா குரல் மாறாமல் பேசிக்கொண்டுபோனார். ஆனால் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் பெரியப்பா படத்தை எடுத்து ஒருமுறை பார்ப்பார்.

கடைசியில் வேலூர்க்காரம்மா. "தப்பா எடுத்துக்காதீங்க. மாப்ள வீட்டு குரூப்லயும் அந்த லிங்க்கப் போட்டுட்டேன். முகூர்த்தச் சேலை வேற எடத்துல பாக்கலாம்னு சொல்றாங்க" என்றார். அப்பா, "பரவால்லீங்க, பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றார். அந்தச் சேலை போனது போனதுதான். கல்யாணம் முடிந்து ஐப்பசியில் அந்தம்மாவே கடைக்கு வந்து தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொண்டு போனார். அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நூறு வயசுங்க உங்களுக்கு" என்றார்.

பெரியப்பா தளத்தின் அடியில் இன்னும் இருக்கிறார். அப்பா மட்டும் இப்போது தானாக எதையும் அனுப்புவதில்லை. "பாப்பா, பாத்துட்டியா? அனுப்பலாமா?" என்று கேட்பார். பார்த்தாகிவிட்டது என்று சொல்ல வாயெடுப்பேன். மனசு கேட்காது. எனக்கே இன்னொரு முறை அனுப்பி, அந்தப் பெட்டிக்குள் படம் வந்து நிற்கும்வரை காத்திருப்பேன்.