எனாமலுக்குத் தப்பிய பாதம்

கெலமங்கலம் சாலையை விட்டு உள்ளே தள்ளிய எங்கள் பெருமாள் கோயில் மண்டபத்தில், விதானம் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியம். விளக்குப் புகை முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரு மூலை: மூக்கு வைத்த செம்பு, அதன் வாயருகே தாடிக்காரர் முகம், அவர் கண்ணில் குத்தி நிற்கும் ஒற்றைப் புல்.

ஊர் அதைத் திருஷ்டிப் படமாகவே வைத்திருந்தது. நேர்கீழே பூசணிக்காய் தொங்கியது. கல்யாண ஜோடி அந்த மூலையைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போகும். கும்பாபிஷேகம் நெருங்கியதும், எனாமல் அடித்து மூடிவிடலாம் என்று முடிவானது. சாரமும் கட்டியாயிற்று.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இது வாமனர் கதை என்றேன். மகாபலி தாரை வார்க்கும் நீரைச் சுக்கிராச்சாரியார் வண்டாகி அடைக்கிறார், வாமனர் தர்ப்பையால் குத்துகிறார். முழு வண்டாக வரையாமல் ஓவியர் தாடி முகத்தை விட்டுவைத்தது நமக்கு ஆள் தெரிவதற்கு என்றேன்.

தர்மகர்த்தா சிரித்தார். "ஏன் சார், கம்பெனியில காருக்குத்தான கொறை சொல்லுவீங்க, இப்ப சாமிக்குமா? வாமனர்னா தூக்குன காலு எங்கீங்க? காலைக் காட்டுங்க, பெயின்ட் டப்பாவை மூடிடறேன்."

கார்க் கதவில் பள்ளம் தேடுவது என் பிழைப்பு. நேர் வெளிச்சத்தில் எல்லாக் கதவும் அழகுதான். விளக்கைச் சாய்த்தால்தான் மேடும் பள்ளமும் வாய் திறக்கும்.

மறுநாள் காலை அதே விளக்கோடு சாரம் ஏறினேன். விதானத்தை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். கருப்பு. இன்னும் கருப்பு. பிறகு, கருப்புக்குள் கடுகு கடுகாய்ப் புள்ளிகள். நகைகளைச் சுண்ணாம்பால் புடைக்க வைத்து வரைவது அக்கால வழக்கம். புள்ளிகள் வளைந்தன, தண்டை ஆயின. தண்டைக்கு மேலே பாதம், பாதத்துக்கு மேலே விரல்கள், விரல்களைச் சுற்றி நட்சத்திரம். என் தலைக்கு மேல் வானத்தை அளந்துகொண்டிருந்தது அந்தக் கால்.

கீழே விளக்கேற்றும் அம்மா, வீட்டில் தெலுங்கு பேசுபவர், கையெடுத்துக் கும்பிட்டார். "மன வாமனுடே," என்றார், நம்ம வாமனர்தான் என்று. அப்புறம் சாரத்தடியில் நின்ற தர்மகர்த்தா பக்கம் திரும்பினார். "இதுக்குக் கீழ நிக்கக்கூடாதுன்னு எம்பொண்ணைக் கல்யாணத்தன்னிக்கு வெயில்ல நிக்க வெச்சீங்களேண்ணா."

அவர் தானே ஸ்டூல் போட்டு ஏறிப் பூசணிக்காயை அவிழ்த்தார்.

எனாமல் முழுவதும் வெளிக் கேட்டுக்குப் போனது. நல்ல நீலம். இப்போது முகூர்த்த நாளில் ஜோடிகள் அந்த மூலையில் நிற்கத்தான் முந்துகிறார்கள். போட்டோக்காரர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: லைட்டைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க.