விருதுநகரில் இருந்த வாடகைப் பணம்

எனக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கிவிடுவேன். யாராவது வாசலில் வந்து தலையைச் சொறிந்தால் போதும், கை தானாகப் பெட்டிக்குப் போய்விடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் ஒரு வளவில் தனியாகக் குடியிருந்தேன். ஒரே முற்றம், சுற்றிலும் ஆறு வீடுகள். திருநெல்வேலிப் பக்கமிருந்து மிஷன் பள்ளிக்கு வேலைக்கு வந்தவள் நான், கல்யாணம் ஆகவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை கூலி. மழை பிடித்தால் வெடிமருந்து காயாது, வேலையும் கிடையாது. தீபாவளி சீசன் முடிந்தாலும் அதே கதைதான். அப்போதெல்லாம் கைமாற்று கேட்க மாதச் சம்பளக்காரியின் வாசலைவிடத் தோதான இடம் எது?

அதிகம் வந்தது பக்கத்து வீட்டு அக்கா. கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். “டீச்சரம்மா, ஒரு ரெண்டு ரூவா இருக்குமா? சனிக்கெழம தந்திர்றேன்” என்பார். காசை வாங்கியதும் எழுந்து போவது அங்கே மரியாதை இல்லை. நிலைப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் பேசுவார். சனிக்கிழமை திருப்பித் தரும்போது இன்னொரு பாட்டம். “இம்புட்டுப் படிச்சும் ஒரு மாப்பிள்ள கெடைக்கலயாக்கும்?” என்று என்னையும் வம்புக்கு இழுப்பார்.

ஓர் அடைமழை மாதத்தில் என் வாடகைப் பணம் முழுவதும் இப்படியே வளவுக்குள் கரைந்துபோயிற்று. வீட்டுச் சொந்தக்காரர் முற்றத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி, “முடியலன்னா சொல்லிருங்க டீச்சர், வேற ஆளு பாத்துக்கிடுறேன்” என்றார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி விருதுநகர் போய், தபாலாபீஸில் ஒரு கணக்குத் தொடங்கினேன். உள்ளூர் தபாலாபீஸ் பள்ளிக்குப் போகிற வழியில்தான் இருந்தது. யாராவது கேட்டால் அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா? சம்பளம் வந்ததும் வாடகை, பால், லைட் பில் பணமெல்லாம் விருதுநகருக்குப் போகும். கெடு வரும்போது போய் எடுத்து வருவேன். என் பணத்தை என் கையிலிருந்து காப்பாற்ற நானே பஸ் கூலி கொடுத்தேன்.

அடுத்த முறை வந்த அக்காவிடம், “வாடகைக் காசெல்லாம் விருதுநகர்ல கெடக்குக்கா. கையில சாப்பாட்டுச் செலவுக்குத்தான் இருக்கு” என்றேன்.

“நல்ல காரியம் பண்ணுனீக” என்றார், மனதாரத்தான். ஆனால் உட்காரவில்லை.

அதன்பின் ஒரு மாதம்கூட வாடகை தவறவில்லை. வாசலுக்கு ஒருவரும் வரவும் இல்லை. பள்ளி விட்டு வந்தால் மறுநாள் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை வாயைத் திறக்க வேலை இருக்காது. ஜெபம்கூட மனசுக்குள்தான். சும்மா போய் உட்கார்ந்து பேச எனக்குக் கூச்சம். ஒரு காரியம் இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து எனக்குப் பழக்கமில்லை.

மறுபடி மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் அக்கா முற்றத்தில் நின்று எதிர்வீட்டில் ஒரு ரூபாய் கேட்டது என் காதில் விழுந்தது. “டீச்சரம்மாட்ட கேக்கலாம்ல?” என்றது எதிர்வீடு.

“அவுகளே பாவம், ஒத்தையில கெடக்காக. கேட்டா மூஞ்சி வாடிப்போகுது. அவுகளை எதுக்குச் சங்கடப்படுத்த?” என்றார் அக்கா.

என்மேல் அவர்களுக்குக் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. மறுநாள் ஒரு யோசனை தோன்றியது. நானே போய் ஏதாவது கைமாற்று கேட்டால் என்ன? வாங்கப் போகும்போது ஒரு பேச்சு, திருப்பித் தரப் போகும்போது ஒரு பேச்சு. ஆனால் மழை நாளில் சீனி, காப்பித்தூள் என்று கேட்டால் அவர்களுக்குப் பாரம். அவர்களுக்கு வலிக்காத பொருளாக யோசித்து, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“அக்கா, ஒரு தீப்பெட்டி இருக்குமா? நாளைக்குத் தந்திருதேன்.”

அக்கா உள்ளே போய் இரண்டு பெட்டிகளை எடுத்து வந்து என் கையில் வைத்தார். “சிவகாசியில இருந்துக்கிட்டுத் தீப்பெட்டியத் திருப்பித் தருவாகளா? வச்சுக்கிடுங்க டீச்சரம்மா” என்று சிரித்தார். உள்ளே அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து, முன்பே இருந்த தீப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்த இரண்டையும் வைத்தேன். திருப்பிக் கொடுக்கப் போக என்னிடம் ஒன்றும் இல்லை.