மரணயோகமும் தென்கிழக்குக் காற்றும்

ரொறன்ரோவில் நாலு அங்குலம் பனி விழுந்தால் போதும், எங்கள் ஆட்கள் உலகம் முடிந்துவிட்டது போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அஜின்கோர்ட் தமிழ்க் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே, "உதென்ன குளிர், மனிசர் இருக்கிற நாடே இது?" என்று யாராவது ஆரம்பித்தால், கத்தரிக்காய் பொறுக்கி முடியும் வரைக்கும் அதே கதைதான். எனக்குச் சிரிப்பு வரும். நான் ஒரு குளிர்காலம் முழுவதும் மேற்குக் கரையோர மலைகளுக்கு நடுவே புயலோடு குடித்தனம் நடத்தியவன். எனக்குப் பனிக்கதை சொல்ல வருகிறார்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அப்பாட்மெண்டில் நாங்கள் ஐந்து ஆண்கள் ஒன்றாக இருந்தோம். நான் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. என் முதலாளியின் தம்பி பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளுக்குள், வீதி திருத்துபவர்களும் மின்கம்பி வேலைக்காரர்களும் தங்குகிற சின்ன விடுதி ஒன்றை நடத்தினார். குளிர்காலத்துக்கு அங்கே சமைக்க ஆள் கிடைக்கவில்லை. போகிறாயா என்று முதலாளி கேட்டதும் தலையாட்டிவிட்டேன். ஊரில் விட்டுவந்த மனைவிக்கும் மகளுக்கும் ஸ்பொன்சர் போட்டு மூன்று வருடமாகியும் பதில் இல்லை. தினமும் தபால்பெட்டியைத் திறந்து மூடுவதைவிட மலை நல்லது என்று பட்டது. மகளை நான் கண்டதே இல்லை. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மனைவிக்கு ஆறு மாதம். இப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. என்னிடம் இருந்தது அவளுடைய மூன்று புகைப்படங்கள்.

கடல் மலைகளுக்குள் நீளமாகப் புகுந்து வந்து முடிகிற இடத்தில் அந்த விடுதி இருந்தது. வெளியே போக ஒரே ஒரு பாதை. அது மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு, விமானம் இறங்கக்கூடிய ஊருக்குப் போனது. பாதைக்கு மேலே மலை சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. மார்கழியில் போய்ச் சேர்ந்தபோது இங்கே வந்து மாட்டிக்கொண்டேனே என்று என்னையே திட்டினேன். தை முடிவதற்குள் அந்த இடம் என்னைப் பிடித்துக்கொண்டது.

சமையலறைத் தட்டில் ஒரு வானொலி இருந்தது. காலையும் மாலையும் ஒரு மனிதர் உணர்ச்சியே இல்லாத குரலில் கடல் வானிலையை வாசிப்பார். பக்கத்துச் சுவரில் காற்றழுத்தம் காட்டுகிற பழைய கருவி. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்தக் குரலைக் கேட்காமல் தேநீர் இறங்காது என்றாகிவிட்டது. கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி, ஜன்னலால் பார்த்ததையும் பக்கத்தில் எழுதினேன். புயல் வருவதற்கு முன் கடல் ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு மாறும். கடற்பறவைகள் கரையேறி எங்கள் குப்பைத் தொட்டியைச் சுற்றி நிற்கும். கருவியில் ஊசி இறங்கும். பிறகு தென்கிழக்கிலிருந்து காற்று வரும். அது வந்தால் தகரக் கூரை அரை நாளுக்கு வாய் மூடாது. கீழே எங்களுக்கு மழை, மேலே மலைக்குப் பனி. இரண்டுக்கும் நடுவில் மலையில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையும்.

மாசி பிறந்ததிலிருந்து புயல்கள் கலியாண வீட்டுக்கு வருகிற சனம் மாதிரி ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. அந்தக் காலம்தான் பொல்லாதது என்று பனி தள்ளும் வண்டிக்காரர் சொல்லித் தந்தார். பெரிய உடம்பும் மெல்லிய குரலும் கொண்ட மனிதர். மேலே கிடக்கிற பழைய பனியில் மழை ஊறினால், மலை எல்லாவற்றையும் உதறி ஒரேயடியாகப் பாதையில் போட்டுவிடும் என்றார். போகப்போக அவரே காலைச் சாப்பாட்டில் என்னைப் பார்த்து, இன்றைக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்கத் தொடங்கினார். நான் கொப்பியைப் புரட்டிப் பதில் சொல்வேன். அனேகமாகச் சரியாக இருக்கும். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். மனைவியும் பிள்ளையும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்க, நான் மிளகுரசம் வைத்துக் குடித்தபடி ஜன்னலடியில் புயல் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் புயல் ஓய்ந்த மறுநாள் காலையில், கழுவித் துடைத்த வானத்தின் கீழே வெள்ளை வெளேரென்று நின்ற அந்த மலைகளுக்காக மனம் இன்னும் ஏங்கத்தான் செய்கிறது.

பங்குனி தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை வெக்ஸ்போர்ட்டிலிருந்து தொலைபேசி வந்தது. என்னோடு அறையில் இருந்தவன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன். கொழும்பிலிருந்து அவனுக்குத்தான் முதலில் செய்தி போயிருந்தது.

"அண்ணை, விசா வந்திட்டுது! ரிக்கற்றும் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து இறங்குகினம்!"

அன்றே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினேன். "வாசலிலேயே நிப்பன், வெளியிலை வந்தவுடனை என்னைத்தான் காணுவீர்" என்று மனைவிக்குச் சொன்னேன். சாமான் கொண்டுவருகிற லொறி மறுநாள், செவ்வாய்க்கிழமை, விமானம் இறங்குகிற ஊருக்குத் திரும்புகிறது. சாரதி இடம் தருவதாகச் சொன்னார். வானொலிக்காரர் புதன் இரவுக்குப் பெரிய புயல் என்று வாசித்தார். எல்லாம் பொருந்தி வந்தது. தம்பிக்கு எடுத்துச் செவ்வாய் வெளிக்கிடுகிறேன் என்றேன்.

"செவ்வாயோ? பொறுங்கோ, கலண்டரைப் பாக்கிறன்." தாள் சரசரத்தது. "ஐயோ அண்ணை, அண்டைக்கு முழுநாளும் மரணயோகம். புதன் காலமை அமிர்தயோகம். ஒரு நாள்தானே, புதன் வெளிக்கிடுங்கோ."

"இஞ்சை புயல் வருகுதடா. ஊசி இறங்குது."

"இத்தனை வருசம் காத்திருந்துபோட்டு, மரணயோகத்திலையோ அண்ணை பிள்ளையைப் பாக்க வெளிக்கிடப் போறியள்?"

அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். ஸ்காபரோப் பலசரக்குக் கடையில் சும்மா கொடுத்த கலண்டர். யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்த யோகம். அந்தக் கணிப்பில் இந்த மலையும் இல்லை, இந்தக் கடலும் இல்லை. எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரர் எல்லோரும் என்னைக் கேட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள், நானோ தாள் கலண்டரைக் கேட்டு நின்றேன். புதன் இரவுதானே புயல், புதன் காலையில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். சமையலறையில் வேலை மிச்சம் இருக்கிறது என்று லொறிக்காரருக்குப் பொய் சொன்னேன். மரணயோகத்தை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

செவ்வாய் நல்ல வெயில். லொறி பத்து மணிக்குப் போனது, சாரதிக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. மத்தியானம் பறவைகள் கரையேறின. நான் ஊசியைப் பார்த்தேன், தட்டியும் பார்த்தேன். அது கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பொழுதுபட முன்பே கூரை கத்தத் தொடங்கிவிட்டது. புயல் ஒரு நாள் முந்திவிட்டது.

புதன் காலை பனி வண்டிக்காரர் போன வேகத்தில் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றினார். இரண்டு இடத்தில் மலை இறங்கிவிட்டது, வீட்டுயரத்துக்குப் பனி, உள்ளே முழு மரங்கள் என்றார். காற்று விட்டு மேலே இருப்பது உறைந்தால்தான் வெட்டத் தொடங்கலாம். படகும் போகாது, ஹெலிகொப்டரும் பறக்காது. அவர் என் பயணத்தை அறிந்தவர். என் தோளில் கை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை நான் வைத்த சூப்பில் உப்பே இல்லை. ஒருவரும் முறையிடவில்லை. பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"வந்திட்டினம் அண்ணை," என்றான் தம்பி. "பிள்ளை உங்கடை படத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு, படத்தையும் என்ரை முகத்தையும் மாறிமாறிப் பாத்திது. நான் அழுதிட்டன் அண்ணை. என்னாலைதானே எல்லாம்."

பிறகு மனைவி. நான் மறைக்காமல் சொன்னேன். செவ்வாய் வந்திருக்கலாம், கலண்டரைக் கேட்டு நின்றுவிட்டேன் என்று.

"மரணயோகம் எண்டால் நானும் வெளிக்கிட விட்டிருக்கமாட்டன்," என்றாள். "நீங்கள் பத்திரமா இருக்கிறியள்தானே, அது போதும்."

அவள் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ரிசீவரைப் பிள்ளையிடம் கொடுத்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் புயலை நான் ரசிக்கவில்லை. வானொலியை எதிரியின் வாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் மனைவி தொலைபேசி எடுப்பாள். "இண்டைக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்று அவளும் கேட்கப் பழகிவிட்டாள். நான் சொல்வதை அவள் அப்படியே பிள்ளைக்குத் திருப்பிச் சொல்வது பின்னால் கேட்கும். திங்கட்கிழமை காற்று மேற்குக்குத் திரும்பியது. மலையில் கோடு இறங்கியது, மேலே பனி உறைந்தது. இரண்டு நாள் வெட்டினார்கள். புதன் மத்தியானம் முதல் வண்டியில் நான் இருந்தேன். அன்றைக்கு என்ன யோகம் என்று யாரிடமும் கேட்கவில்லை.

வியாழன் காலை வெக்ஸ்போர்ட் போய்ச் சேர்ந்தேன். வழியில் தொலைபேசி எடுக்க நேரம் கிடைக்கவில்லை. மூன்று மாதத் தாடி, கையில் ஒரு பை. எங்கள் அப்பாட்மெண்டின் கதவைத் தட்டினேன். உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம், மனைவி குளித்துக்கொண்டிருக்க வேண்டும். கதவு ஒரு சாண் திறந்தது. யாரோ பெரியவர் ஒருவருடைய ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு என் மகள் நின்றாள். புகைப்படத்தில் இருந்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமாகிப்போன குரலில் சொன்னாள்.

"அப்பா இல்லை அங்கிள். அவர் மலையிலை நிக்கிறார். றோட்டுத் திறந்தாத்தான் வருவார்."

நான் அந்தக் கதவடியிலேயே குந்திவிட்டேன்.

"றோட்டுத் திறந்திட்டுது அம்மா," என்றேன்.