பூங்காவனம் அட்டைக்கு வைத்த பொட்டு

கள்ளிக்குப்பத்துப் பூங்காவனத்தை அப்பாவி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் படித்துக்கொள்வதற்காக அட்டைகளில் ஓட்டை போடுவது அவள் வேலை. பெற்றவர்கள் சேற்றில் நாற்று நட்டவர்கள். அவளோ காத்தாடிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பாதித்தாள். அந்த நாற்காலி மேல் அவளுக்கு உயிர்.

அதற்கு உலை வைக்கப் பார்த்தவன் புருஷன் தேவராஜ், அங்கேயே லேத் ஓட்டுகிறவன். "பொம்பள சம்பாரிச்சு நான் துன்றதா? வேலைய வுடுமே" என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து நச்சரிப்பு.

அது எழுபத்தாறாம் வருஷம். என்ஜினியர் கங்காதரன் கம்ப்யூட்டருக்கு செஸ் ஆடக் கற்றுக்கொடுத்திருந்தார். முதலில் அது ஆடிய லட்சணத்தைப் பார்த்து கேன்டீனே சிரித்தது. பிறகு அவர், எந்தக் காய்க்கு எந்தப் பதில் என்று பெரிய ஆட்டக்காரர்களின் தொடக்க ஆட்டங்களைப் புத்தகத்திலிருந்து எடுத்து அட்டையில் ஏற்றினார். அவ்வளவுதான், மிஷின் யோசிக்காமல் சடசடவென்று பதில் தந்தது. கேன்டீன் புலிகள் அந்த வேகத்துக்கே மிரண்டு தோற்றார்கள். அந்த அட்டைகளில் ஓட்டை போட்டவள் நம்ம பூங்காவனம்தான்.

"ஆயுத பூஜை அன்னிக்கு உன் மிஷினோட நான் ஆடறேன். கெலிச்சா நீ ஊட்ல குந்திக்கினு இருக்கணும், இன்னா?" என்றான் தேவராஜ்.

"தோத்தா வேலைய வுடுன்ற பேச்சே வரக் கூடாது" என்றாள் அவள். அவனும் தலையாட்டினான். சொன்ன சொல் தவறமாட்டான், அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

அன்றிலிருந்து ஐயாவுக்கு அன்பு பொங்கியது. பூ வாங்கி வந்தான். "இன்னிக்கு இன்னா ஆட்டம்மே அட்டைல ஏத்துனே, கண்ணு?" என்று கொஞ்சினான். பாவிப் பெண் உச்சி குளிர்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பூஜைக்கு முந்தின நாள் அவன் குளித்துக்கொண்டே, "அது சிப்பாய நவுத்துனா நான் குதிரை, அப்பால ராணி" என்று பாடம் படித்தது காதில் விழுந்ததும்தான் அந்தக் கொஞ்சலின் குட்டு அவளுக்குப் புரிந்தது. என்ஜினியரிடமும் சொல்ல முடியாது. அட்டையில் இருப்பதை வெளியே சொன்னவளுக்கு வேலை ஏது?

மறுநாள் காலை லேத், டைப்ரைட்டர், தராசு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூங்காவனம் அந்தத் தொடக்க ஆட்ட அட்டைகளை எடுத்து, ஒன்று விடாமல் சந்தனத்தைக் குழைத்து அப்பினாள்.

மிஷின் அவற்றை வாங்க மறுத்தது. கங்காதரன் குதித்தார். "யாரும்மா இதுக்குப் பொட்டு வச்சது?"

"அதுவும் கருவிதானே சார்" என்றாள் அவள், பச்சைப்பிள்ளை முகத்தோடு.

கூட்டம் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் அந்த அட்டைகள் இல்லாமலே, பழையபடி தானே யோசித்து ஆட விட்டார். மிஷின் வெகு நேரம் முழித்துவிட்டு, ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியது. தேவராஜ் திருதிருவென்று விழித்தான். இது பாடத்தில் இல்லையே! என்ன செய்வான், படித்ததையே வரிசையாக ஆடினான். எதிரே குதிரை காத்திருப்பதைக்கூடப் பார்க்காமல் ராணியைக் கொண்டுபோய் வைத்தான். ராணி போனது, ஆட்டமும் போனது.

கங்காதரனுக்கு ஒரே பெருமை. இனி அட்டையே வேண்டாம் என்று முழங்கினார். அடுத்த வாரம் அட்டையில்லாத மிஷினை ஆளாளுக்கு வந்து தோற்கடித்தார்கள். "எல்லாத்தையும் புதுசா போட்டுக் கொடும்மா" என்று பூங்காவனத்திடமே வந்து நின்றார் கங்காதரன்.

விஷயம் தேவராஜ் காதுக்கு எட்டியது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவளை வீட்டு வாசலில் மறித்தான். "நீ வேணும்னேதானே அட்டைக்குப் பொட்டு வச்சே?"

"வேணும்னுதான். கண்ணு, கண்ணுன்னு என்னாண்ட கறந்தே இல்ல, அதுக்குத்தான்."

"அத்த உங்க சாராண்ட சொல்லட்டுமா?"

அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "சொல்லேன். என் வேலை போவட்டும். ஆனா நீ தோத்தது தோத்ததுதான்."

தேவராஜ் அவளை முறைத்தான். முறைப்பு நிற்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. வாசலை விட்டு நகர்ந்தான்.

"பஸ்ஸு பூடப் போவுது, கெளம்புமே."