விரதத்தில் சேராத இரண்டு மாத்திரைகள்

மகளுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தால் பட்டினியோடு அலிபிரி படியேறித் திருமலைக்கு வருகிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். கிடைக்காது என்ற நம்பிக்கையில் வேண்டியது. கிடைத்துவிட்டது. பெருமாள் அவர் பங்கை முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது என் முழங்கால்.

முழங்கால் வலி எனக்குப் பழையது. புறப்படுவதற்கு முதல் நாள் சித்தூரில் எங்கள் தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். அங்கே நாம் நோயைச் சொல்வதில்லை, நேரே தீர்ப்பைச் சொல்வோம்.

"கால் வலிக்கு நல்ல பவரா நாலு குடு."

அவர் அட்டையைக் கத்தரியால் நறுக்கி நாலு வெள்ளை மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டார். பெயர் அச்சிட்ட பாதி அவர் பெட்டியிலேயே தங்கிவிட்டது. பிபி மாத்திரை தினமும் போடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பத்து வருஷப் பழக்கம், ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்ய மாட்டோம்.

விடிகாலையில் பஸ் ஏறும் முன் ஒன்றைக் கையில் எடுத்தேன். கூட வரத் தயாராக நின்ற என் மனைவி பார்த்துவிட்டாள்.

"வெறும் வயித்துல மாத்திரையா? ரெண்டு இட்லி துன்னுட்டுப் போடுய்யா."

"இட்லி துன்னா விரதம் போயிடும்."

"மாத்திரை துன்னா போவாதா?"

"அது பெருமாள் கணக்குல வராது."

"உன் வயிறு யார் கணக்குல வருது?"

நான் மாத்திரையை முழுங்கிவிட்டேன்.

திருப்பதியில் இறங்கியும் முழங்கால் முனகிக்கொண்டிருந்தது. சித்தூர் மாத்திரைக்குத் திருப்பதிப் படியைப் பற்றி என்ன தெரியும் என்று தோன்றியது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் மஞ்சள் மாத்திரை ஓர் அட்டை வாங்கினேன். நிறம் வேறு என்றால் மருந்தும் வேறு என்பது என் வைத்திய சாஸ்திரம். படியடியில் அதையும் போட்டேன்.

முழங்கால் வலி மாயமானது. மனைவிக்கு முன்னால் துள்ளி ஏறினேன். கொஞ்ச தூரத்தில் வயிற்றில் யாரோ கரி அடுப்பு மூட்டினார்கள். வேர்த்தது, கண் இருட்டியது. படியில் நெற்றி படும்படி மடங்கி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு தம்பதி என் பக்தியைப் பார்த்து, அதே படியில் குனிந்து கும்பிட்டுப் போனார்கள்.

மனைவி என்னைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிவந்து ஒரு சிறிய கிளினிக்கில் உட்காரவைத்தாள். டாக்டரம்மா தெலுங்கில் தொடங்கினார்.

"அன்னம் தின்னாரா?"

"நேத்து ராத்திரி," என்றேன் தமிழில். அவரும் தமிழுக்கு மாறினார்.

மஞ்சள் அட்டையைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தார். காகித உறையைக் கையில் எடுத்தார்.

"இது என்ன மாத்திரை?"

"வெள்ளை."

"நாட்டுல பாதி மாத்திரை வெள்ளைதான்."

அவர் கேட்டுக்கொண்டபடி மனைவி சித்தூர் மெடிக்கலுக்கு போன் போட்டுப் பெயர் கேட்டாள். நிறமும் கம்பெனியும்தான் வேறு. உள்ளே இருந்தது ஒரே மருந்து.

"நாலு மணி நேரத்துல ரெண்டு டோஸ். அதுவும் வெறும் வயித்துல," என்றார் டாக்டரம்மா. "இந்த ஜாதி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும். சாப்பிட்டுத்தான் போடணும். ஒண்ணு போட்டா இன்னொண்ணு கூடாது. வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா?"

"பிபிக்கு."

"பிபியையும் ஏத்தும். கடையில சொன்னீங்களா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். மலம் கறுப்பாகப் போனாலோ வாந்தியில் ரத்தம் வந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இன்றைக்குப் படி கிடையாது, முதலில் ஏதாவது சாப்பிடணும் என்றார்.

"வேண்டுதல் இருக்குதும்மா," என்றேன்.

"நான் ஏறிடறேன்," என்றாள் மனைவி. "பொண்ணு எனக்கும் பொண்ணுதான். நீ இங்கியே குந்திகினு இரு."

காலையில் அவள் நாலு இட்லி சாப்பிட்டிருந்தாள். பெருமாள் ஆட்சேபிக்கவில்லை, மத்தியானத்துக்குள் மேலே போய்விட்டாள்.

மகள் போன் செய்தாள்.

"நைனா, ஏறிட்டியா?"

"உங்கம்மா ஏறிட்டா."

"நீ இன்னா பண்ணிகினு இருக்கற?"

"இட்லி துன்னுகினு இருக்கறேன்."