இருமாமல் வரும் காவலாளிகள்

அந்த வருடம் எனக்கு ஒரே ஓர் ஆசைதான். ரவாங்கில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் ஓர் இரும்பு அலமாரியும் எனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் அந்த ஊரில்தான் வேலை பார்த்தான். ஆள் எடுக்கிறார்கள், உடனே வா என்று அவன் சொல்லி எத்தனையோ வாரம் ஆகியும் அப்பா தலையாட்டவில்லை. அம்மாவுக்குச் சம்மதம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவின் அதிகாரம் குழம்புக்கு எவ்வளவு உப்பு என்பதோடு நின்றுவிடும்.

"ஒனக்குச் சுத்துமுத்தும் பாத்து நடக்கத் தெரியாது. நீ நடந்தா ஏதாச்சும் ஒரு தகரம் உருளும். தனியா எப்படி இருப்பே?" இது அப்பாவின் கட்சி. பொய் சொல்வானேன், நான் நடந்தால் ஏதாவது ஒன்று உருளத்தான் செய்யும். ஆனாலும் அதை அவர் வாயால் கேட்கும்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அப்பா எங்கள் தோட்டத்து ஜாகா. மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் அந்தத் தோட்டத்தில் பாதி கித்தா, அதாவது ரப்பர், பாதி செம்பனை. ஸ்டோர், ஆபீஸ், பெரிய கேட்டு என்று எல்லாவற்றுக்கும் காவல் அவர்தான். காக்கிச் சட்டை, கையில் ஒரு தடி. அந்தத் தடியால் அவர் பாம்பைத் தவிர வேறு யாரையும் அடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்படி நானும் அவரும் முறைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஒரு கணினியோடு வந்து இறங்கினான். அவனுடைய சூப்பர்வைசர் வாங்கி அலுத்துப்போய்த் தள்ளிவிட்டது. கணினி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பாக, சோற்றுத் தட்டு அகலத்தில் எழுத்துப் பொத்தான்கள் வைத்த ஒரு சாமான். அதை எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் செருகி, ரேடியோ கேசட் பெட்டியில் ஒரு கேசட்டைப் போட்டான். பாட்டு வரவில்லை. தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம் வந்தது. கோளாறு என்று அம்மா சொன்னாள். "கோளாறு இல்லம்மா, லோட் ஆவுது லா," என்றான் அவன். அது லோடாகி முடிப்பதற்குள் அம்மா தேநீர் கலக்கி, ஆற்றி, எல்லாரும் குடித்தும் ஆயிற்று.

வந்தது ஒரு விளையாட்டு. திரை முழுக்க இருட்டு. வெள்ளைக் கோடுகளால் ஒரு கோட்டை. சுவர், படி, கதவு, அவ்வளவுதான். குற்றம் எதுவும் செய்யாத ஒரு கைதி, விரல் நக அளவு வெள்ளை உருவம், அந்தக் கோட்டையை விட்டு யார் கண்ணிலும் படாமல் வெளியே போக வேண்டும். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. மெல்ல நடந்தால் சத்தம் வராது. ஓடினால் காவலாளி வந்துவிடுவான். சுவர் ஓரத்து நிழலுக்குள் போய்விட்டால் காவலாளிக்கு நாம் தெரிய மாட்டோம். தமாஷ் என்னவென்றால், நமக்கும் நாம் தெரிய மாட்டோம். எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று ஞாபகத்திலேயே நடக்க வேண்டும். பின்னால் எத்தனையோ வண்ண விளையாட்டுகளை என் பிள்ளைகள் ஆடப் பார்த்துவிட்டேன். அந்தக் கறுப்புத் திரையில் என்னையே தொலைத்துவிட்டு மூச்சைப் பிடித்து நின்றபோது வந்த பயம் எதிலும் வரவில்லை.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார். "இவன் எதுக்கு ஓடுறான்?"

"தப்பிக்கிறான்பா. கைதி."

"குத்தம் பண்ணாமயா உள்ள வச்சிருப்பானுங்க?" அப்பா எடுத்த எடுப்பிலேயே காவலாளிகள் பக்கம் சேர்ந்துவிட்டார்.

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "சரிப்பா, இவளுக்குச் சுத்துமுத்தும் பாக்கத் தெரியாதுன்னுதானே சொல்றீங்க? இந்தக் கோட்டையிலருந்து மாட்டாம வெளிய வந்து காட்டட்டும். வந்துட்டா ரவாங்குக்கு அனுப்பிருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அதற்குள் நான் ஒரு முறை ஆடி, முதல் கதவிலேயே மாட்டியிருந்தேன். அந்தத் தைரியத்தில், "சரி, வந்து காட்டட்டும், அனுப்புறேன்," என்றார்.

"நான் கேட்டுட்டேண்ணே, நான்தான் சாட்சி," என்று பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது.

லயத்து வீடு என்றால் அப்படித்தான். ஒரே நீளக் கூரை, வீட்டுக்கு வீடு ஒரு தடுப்புச் சுவர். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். அப்பா சுவரைப் பார்த்தார். சொன்ன சொல் சுவரைத் தாண்டிப் போய்விட்டது, இனி திரும்ப வாங்க முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

கணினியை என்னிடம் விட்டுவிட்டு அண்ணன் ரவாங்குக்குப் போய்விட்டான். நான் பழக ஆரம்பித்தேன். தோட்டத்து வேலை முடிந்து வந்து, தமிழ்ப்படம் போடும் நாளில் மட்டும் டிவியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற சாயங்காலமெல்லாம் கோட்டைக்குள்தான் இருந்தேன். ஒரு முறை மாட்டினால் மறுபடியும் முதல் அறை. ஒவ்வொரு முறையும் நான் மாட்டியதற்குக் காரணம் ஒன்றுதான்: அவசரம். நாலு அறை பூனை மாதிரி நடப்பேன், ஐந்தாவதில் கதவு கண்ணில் பட்டதும் ஓடிவிடுவேன். "தகரம் உருண்டுருச்சா?" என்பார் அப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே.

சும்மா சொன்னால் பரவாயில்லை, ஒரு நாள் அவரும் ஆடினார். கைதியை அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து, நேராகக் காவலாளி முன்னால் நிறுத்தினார். மாட்டிக்கொண்டார். இன்னொரு தடவை ஆடினார். மறுபடியும் நேரே காவலாளியிடம் போய் நின்றார்.

"அப்பா, அவன்கிட்டருந்துதான் ஒளியணும்."

"கேட்டுல நிக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போறது மொறையா? நம்ம தோட்டத்துல யாராச்சும் அப்படிப் போவாங்களா?"

போக மாட்டார்கள். வெளியிலிருந்து மாமா மச்சான் யார் வந்தாலும் முதலில் கேட்டில் நின்று, யார் வீட்டுக்கு வந்தோம் என்று ஜாகாவிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். போகும்போதும் அப்படியே. அந்தப் பழக்கத்தில்தான் அவர் கைதியைக் காவலாளியிடம் கூட்டிப் போனார். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் அவளுடைய குழந்தை எழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அப்பா ஆடவில்லை. ஆனால் நாற்காலியும் நகரவில்லை. காவலாளிகளின் நடத்தையைக் கவனிக்கத் தொடங்கினார். அவர்கள் பூட்ஸ் சத்தம் டக், டக் என்று பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. "இருமாம வர்றான் பாரு. இவனெல்லாம் ஒரு ஜாகாவா?"

ஏன் இருமணும் என்று கேட்டேன். இது தெரியாதா என்கிற மாதிரி பார்த்தார். "ஸ்டோர் பின்னால எவளாச்சும் வெறகு பொறுக்கிக்கிட்டு இருப்பா. எவனாச்சும் விழுந்த தேங்காய எடுத்துக்கிட்டு இருப்பான். நான் போறதுக்கு முன்னாடியே இருமுனா எந்திரிச்சுப் போயிருவாங்க. இருமாம போனா புடிக்கணும். புடிச்சா தொரைகிட்ட கொண்டுபோவணும். எதுக்கு அந்தப் பொழப்பு?"

அவருக்குச் சளி என்று நினைத்து அம்மா வருடக்கணக்கில் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்திருக்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்கு உதவி வந்தது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பக்கத்து வீட்டு அக்கா படத்தைப் பார்த்ததே இல்லை. தினமும் சத்தத்தை மட்டும் கேட்டுக் கேட்டு, எந்த அறையில் எந்தக் காவலாளி எப்போது திரும்புகிறான் என்று அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. சோறு வடித்துக்கொண்டே, "நில்லு, நில்லு, வர்றான்... இப்பப் போ," என்பாள். நான் நிற்பேன், போவேன். அவசரக்காரியான என்னை நிற்க வைக்க இன்னொரு வீட்டுக்காரி தேவைப்பட்டாள். இதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

அடுத்த முறை அண்ணன் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். அறை அறையாகப் போய்க் கடைசி முற்றத்துக்கு வந்துவிட்டேன். அங்கே நிழல் ரொம்ப நீளம். என் கைதி அதற்குள் போனதும் காணாமல் போய்விட்டான். வாசல் எதிரே தெரிகிறது. என் விரல் ஓடு ஓடு என்று துடிக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அப்பா இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இப்பப் போ," என்றாள் அக்கா, மெதுவாக. ஓடாமல் நடந்தேன். திரை முழுக்கச் சட்டென்று வெள்ளையானது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

"என்ன போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

"இனி நீ சுதந்திரமானவன்னு போட்டிருக்கு."

"சரி. வெளிய வந்துட்டான். இனி எங்க போவான்?"

அந்தக் கைதி எங்கே போவான், யார் வீட்டில் சாப்பிடுவான் என்று விளையாட்டு செய்தவனும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. எனக்கோ கோபம் தலைக்கேறியது. "அதெல்லாம் பேச்சே இல்லப்பா. வந்துட்டா அனுப்புறேன்னு சொன்னீங்க."

"சொன்னது சொன்னதுதான். அனுப்புறேன். வெளிய போவத் தெரியுமான்னு நான் எப்பக் கவலப்பட்டேன்? போற எடத்துல ஒன்ன யாரு பாத்துக்குவா? அதத்தான் கேக்குறேன்."

நான் டிவியை அணைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் மறுபடியும் கேட்டது.

அடுத்த வாரம் அவரே என்னைக் கூட்டிப் போனார். பத்தாங் பெர்ஜுந்தையில் பஸ் மாறி, ரவாங்கில் இறங்கும்வரை என் பையைக் கையிலிருந்து விடவில்லை. விடுதி கேட்டில் ஒரு மலாய்க்கார ஜாகா. அப்பாவைவிட வயது மூத்தவர். நான் பெயரைச் சொன்னதும் வழிவிட்டார். பின்னாலேயே வந்த அப்பாவைத் தடுத்தார். "தா போலே," என்றார். முடியாது. ஆண்கள் உள்ளே போகக் கூடாது.

அப்பா மலாயில், இது என் மகள், கட்டிலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். முடியாது. நானும் உன்னை மாதிரி ஜாகாதான் என்றார். அப்படியானால் உனக்கே தெரியுமே என்றார் அவர், நகராமல்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா கோபப்பட்டு, வா போகலாம் என்று திருப்பிக் கூட்டிப்போய்விடுவார் என்று பயந்தேன். அப்பாவோ ஏதோ பரிசு வாங்கினவர் போல என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னையே வுடல பாத்தியா? பெத்த அப்பன வுடல. இவரு இருக்குற வரைக்கும் எனக்குக் கவல இல்ல." அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பையைக் கேட்டுக் கம்பிக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

அத்தனை நாள் நான் கேட்டது அந்தக் கேட்டுக்கு உள்ளே போகத்தான். இப்போது பையைப் பிடித்துக்கொண்டு கம்பி ஓரமாகவே நின்றேன். இந்த ஜாகா என்னையும் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன என்று இருந்தது. அவர் அப்பாவோடு பேசிக்கொண்டே, உள்ளே போ என்று எனக்குக் கையைக் காட்டினார்.