நேவி ப்ளூ துணியும் செம்புத் தோட்டாவும்

1. பேரை அடித்த ஞாயிறு

டீ வருவதற்கு முன்பே போர்டில் இருந்த ஜெசிந்தாவின் பேரைச் செகரட்டரி அடித்துவிட்டார். மாநிலப் போட்டிக்கு எங்கள் ரைஃபிள் கிளப்பில் இருந்து மூன்று பேர் போக வேண்டும். போர்டில் மூன்று பேர் எழுதியிருந்தது, இப்போது இரண்டு.

“கை போயிருச்சுங்ணா. குழந்தை பொறந்தவங்களுக்கு ஒடம்பு முன்ன மாதிரி நிக்காதுங்க. நான் என்ன பண்ணட்டுங்க?” என்று என்னிடம் சொன்னார். ஜெசிந்தா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தாள். காதில் விழட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ.

புதிதாக ரேஞ்சுக்கு வரும் பிள்ளைகள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக் கெடுத்து வைத்திருப்பதால், கூடவே இருந்த நான் எழுதிவிடுகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சண்டைதான் வரும் என்று இந்த கிளப்பில் ரேஞ்ச் இன்சார்ஜாகச் சேர்ந்தேன். குன்னத்தூர் ரோட்டில் ஒரு பழைய கல்குழிதான் எங்கள் ரேஞ்ச். முந்நூறு மீட்டர் நேராகச் சுடலாம். கொடி ஏற்றுவது, குறி அட்டை மாட்டுவது, அட்டையில் விழுந்த ஓட்டைகளை அளப்பது, மயில் குறுக்கே வந்தால் விசில் ஊதி எல்லாரையும் நிறுத்துவது, இவ்வளவுதான் என் வேலை. சட்டையில் ஓட்டை தேடியவனுக்கு அட்டையில் ஓட்டை தேடுவது கஷ்டமில்லை. அந்த நாட்களின் வெயிலும் வெடிமருந்து வாசனையும் இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

2. அப்ரூவ்டு சாம்பிள்

செகரட்டரி துரைசாமிக்கு வீரபாண்டிப் பக்கம் சொந்த யூனிட். ஆண்கள் போலோ டி-ஷர்ட் மட்டும்தான் அங்கே தைத்து ஓட்டுவார். நல்ல மனிதர். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

அந்த வருடம் நாங்கள் வழக்கமாக வாங்கும் தோட்டா இனி வராது என்று டீலர் கையை விரித்துவிட்டார். அதன் முனைக் குண்டான புல்லட்டுக்கு உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்புத் தோல். அதற்குப் பதிலாக, முழுக்கவே செம்பால் ஆன புல்லட் போட்ட தோட்டா கிளப் லைசன்ஸில் இறக்குமதியாகி வந்தது. வெளிநாட்டில் வேட்டைக்காரர்களுக்காகச் செய்வதாம். இறைச்சியில் ஈயத்தூள் கலக்கக் கூடாது என்பதற்காக. நம் ஊரில் வேட்டை ஏது? எங்களுக்கு வேண்டியதெல்லாம் அது முந்நூறு மீட்டரில் ஒரே இடத்தில் போய் விழுமா என்பதுதான். ஈயத்தைவிடச் செம்பு எடை குறைவு. அதே எடைக்குப் புல்லட் நீளமாக இருக்கும். நீளமானது எல்லாத் துப்பாக்கியின் பேரல் குழாயிலும் ஒழுங்காகச் சுழன்று போகாது. அதனால் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சுட்டுப் பார்க்க ஜெசிந்தாவை விட்டார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அப்பா டெய்லர் வேலைக்கு இங்கே வந்தவர். இவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். குழந்தை பிறப்பதற்கு முன் எங்கள் கிளப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்களுக்குச் சொந்த ரைஃபிள் உண்டு; அவளுக்கு வாங்க வசதியில்லை, அவள் மட்டும் கிளப் ரைஃபிளில்தான் சுடுவாள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஞாயிறு தவறாமல் வந்து ஏறக்குறைய ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்த்துவிட்டுப் போவாள்.

முதல் நாள் அட்டையைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். ஐந்து ஓட்டையும் உள்ளங்கைக்குள் அடங்கியது. செகரட்டரி அதைப் பாலிதீன் கவரில் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

“இதுதானுங்க அப்ரூவ்டு சாம்பிள். இனி வர்றதெல்லாம் இதுக்கு மேட்ச் ஆகோணும்.”

எங்கள் பனியன் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் அது. இருப்பதிலேயே நல்ல பீஸைச் சீல் வைத்துவிட்டு, பல்க்கில், அதாவது மொத்தமாகத் தைக்கும்போது, வேறு மாதிரி வந்தால் லைனில் தைப்பவரைத் திட்டுவோம்.

பல்க் வேறு மாதிரிதான் வந்தது. அடுத்த வாரம் ஓட்டைகளின் குரூப் கொஞ்சம் விரிந்தது, அதற்கடுத்த வாரம் இன்னும் விரிந்தது. கடைசியில் அட்டை முழுக்க அம்மை போட்டது போல் ஆகிவிட்டது. செகரட்டரி தன் சொந்த ரைஃபிளில் அதே தோட்டாவைப் போட்டு ஒரு அட்டை சுட்டார். நன்றாக விழுந்தது. சரி, தோட்டாவில் குறையில்லை. மிச்சமிருந்த பழைய ஈயத் தோட்டாவை ஜெசிந்தாவிடம் கொடுத்து, அதே கிளப் ரைஃபிளில் சுடச் சொன்னார். அதுவும் சிதறியது. புதுசும் சிதறுகிறது, பழசும் சிதறுகிறது என்றால் ஆளைத் தவிர வேறு யார்? அவளும் நம்பிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

3. ஜபலா

பேரை அடித்தபோது அவள் அழவில்லை. ரைஃபிளை மேஜை மேல் வைத்து, “தொடச்சிக் குடுத்துட்டுப் போயிருதேன் அண்ணாச்சி. இனிமே ஞாயித்துக்கெழம பிள்ளகூட இருந்துக்கிடுதேன்” என்றாள்.

பேரல் துடைப்பது எப்போதும் செகரட்டரி வேலை. அடுத்தவரை நம்பிக் கொடுக்க மாட்டார். அன்றைக்குப் பார்த்து ஷிப்மெண்ட் விஷயமாக ஃபோன் வர, பேசிக்கொண்டே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். துடைக்கும் துணியும் அவர் யூனிட்டில் துணி வெட்டி மிச்சமாகும் கட்டிங் வேஸ்ட்தான். வெள்ளை வேஸ்ட்டுக்கு மார்க்கெட்டில் நல்ல விலை என்பதால் எங்களுக்கு நேவி ப்ளூ மூட்டைதான் வரும். அந்த மூட்டையும் அன்று காலி.

“துணி இல்லியே அம்மிணி” என்றேன்.

அவள் பையைத் துழாவி ஒரு பழைய வெள்ளை ஜபலாவை எடுத்தாள். குழந்தைக்குச் சின்னதாகிவிட்டதாம், வாய் துடைக்க வைத்திருக்கிறாள். என் சட்டைப் பாக்கெட்டில் நூல் வெட்டும் டிரிம்மர் இன்னும் இருக்கும்; செக்கிங் புத்தி போகுமா? சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிக் கொடுத்தேன். செம்புக் கறை எடுக்கும் மருந்தில் துணியை நனைத்து, கம்பியில் மாட்டி, பேரலுக்குள் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து இழுத்தாள்.

துணி மயில் கழுத்து நிறத்தில் வந்தது.

“கலர் விடுது அம்மிணி” என்றேன், பழக்க தோஷத்தில்.

“வெள்ளத் துணில எங்கேருந்து அண்ணாச்சி கலர் விடும்?”

இரண்டு பேரும் அந்தத் துணியையே பார்த்தோம். மருந்து பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன். செம்பு இருந்தால் துணியில் நீலம் பிடிக்கும், நீலம் வராத வரைக்கும் துடைக்கவும் என்று போட்டிருந்தது. நேவி ப்ளூ துணியில் எந்த நீலம் தெரியும்? முதல் துணியிலேயே ‘சுத்தம்’ என்று செகரட்டரி ரைஃபிளைப் பூட்டி வைத்திருக்கிறார், வாரா வாரம். பழைய தோட்டாவின் மெல்லிய தோல் இவ்வளவு ஒட்டாது; இது முழுச் செம்பு, அவள் சுடச் சுட பேரலுக்குள் அப்பிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த பேரலில் எந்தத் தோட்டாதான் நேராகப் போகும்? செகரட்டரியின் ரைஃபிள் அதிகம் சுடாதது, அதனால் அது தப்பித்தது.

ஃபோன் முடிந்து வந்தவர் மேஜையைப் பார்த்தார். துணிகளை வரிசையாகப் பரப்பியிருந்தோம். கரும் நீலம், நீலம், இளம் நீலம் என்று சாயப்பட்டறை ஷேட் கார்டு போல இருந்தது.

“என்னங்ணா இது?”

“செம்புங்க. நீங்க போன வாரம் தொடச்சு வெச்ச பேரல்ல இருந்து வருதுங்க.”

அவர் போன வாரம் துடைத்துக் குப்பைக் கூடையில் போட்ட ஒரு நேவி துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மணிக்கட்டில் இருந்த வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பியை வாங்கி அவரே துடைக்க ஆரம்பித்தார். ஜபலா முக்கால்வாசி தீர்ந்த பிறகுதான் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது.

4. மறுபடியும் அட்டை

துடைத்து முடித்த கையோடு ஜெசிந்தா படுத்து ரைஃபிளைத் தோளில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து மூன்று மயில்கள் அட்டைக்கு முன்னால் வந்து மேய்ந்தன. விசில் ஊதினேன். என் வாழ்நாளில் மயிலை அவ்வளவு திட்டியது அன்றைக்குத்தான்.

முதல் குண்டு நன்றாக விலகி விழுந்தது. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தூரக்கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“இப்பத்தான் தொடச்ச பேரல்ல மொதக் குண்டு அப்படித்தான் போகும். அத உடு அம்மிணி, சுடு” என்றேன். எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

அடுத்த ஐந்தும் உள்ளங்கைக்குள் அடங்கின.

அவள் எழுந்திருக்கவில்லை. பாய் மேலேயே உட்கார்ந்து வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத்தன நாளா இந்தக் கைய எப்பிடித் திட்டுனேன் தெரியுமா அண்ணாச்சி. பிள்ளயத் தூக்கும்போதுகூடக் கோவம் வந்துச்சு” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

செகரட்டரி பாலிதீன் கவரில் இருந்த அப்ரூவ்டு சாம்பிளை எடுத்து, “இனி இதோட மேட்ச் பாக்க வேண்டாமுங்க” என்று இரண்டாகக் கிழித்தார். மார்க்கரை அவளிடம் நீட்டி, “நீயே எழுதும்மா” என்றார். போர்டில் மூன்றாவது பேர் மறுபடி ஏறியது. செம்புத் தோட்டாவும் பாஸ், ஒரு நிபந்தனையோடு. பேரலை வெள்ளைத் துணியில் மட்டும்தான் துடைக்க வேண்டும். இன்றைக்கும் எங்கள் ரேஞ்சில் அதுதான் சட்டம்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பீஸ் தப்பாக வந்தால் ஆளைக் கைகாட்டும் முன், எதை வைத்துச் சோதித்தோம் என்று ஒரு தடவை பாருங்கள்.

போட்டிக்குக் கிளம்பும் வாரம், செகரட்டரி டிரைவரிடம் ஒரு பண்டில் கொடுத்து அனுப்பினார். வெள்ளை வேஸ்ட் என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே ஜபலாக்கள், ஒரு டஜனுக்கு மேல், எல்லாம் வெள்ளை. “எக்ஸ்ட்ரா பீஸ் கெடந்துதாமுங்க, அந்தம்மாகிட்டக் குடுத்துறச் சொன்னாருங்க” என்றார் டிரைவர்.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு தையல் விலகவில்லை, ஒரு நூல் நீட்டவில்லை. அவர் யூனிட்டில் குழந்தைத் துணி ஒருநாளும் ஓடியதில்லை.